அவகாசம்

ஃபிலிம் ஆலையின் முக்கியமான வேலைகள் இருட்டில் நடந்தன. ஸ்டுடியோ இருட்டறையில் எரியும் சிவப்பு விளக்குக்குக்கூட அங்கே இடம் கிடையாது. கலர் ஃபிலிம் எல்லா நிறத்தையும் உணரும். எந்த வெளிச்சம் பட்டாலும் கெட்டுவிடும். தலைமுடியின் தடிமனைவிட மெல்லிய பூச்சுக்குள் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள். ஜெலட்டினில் மிதக்கும் வெள்ளி உப்புத் துகள்கள், அவற்றோடு நிறம் கொடுக்கும் ரசாயனங்கள். இந்த அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், ஓடும் பிளாஸ்டிக் தாளின்மேல் மைல் கணக்கில் பூசப்பட வேண்டும். நடுவில் ஒரு தூசி விழுந்தால் யாரோ ஒருவருடைய கல்யாணப் படத்தில் அது புள்ளியாக நிற்கும். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் இருந்த கோடாக் ஆலையில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். தந்தை வேலை பார்த்த அதே ஆலையில் மகனும் மகளும் சேர்ந்தார்கள்.

அந்த வேலைக்குப் பின்னால் இருந்த அறிவின் ஆழத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1882இல், கோடாக்கை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற புகைப்படக் கண்ணாடித் தகடுகள் திடீரென்று ஒளியை உணர மறுத்தன. அவர் விற்ற தகடுகளைத் திரும்பப் பெற்று வேறு தகடுகள் கொடுத்தார். பலமுறை சோதித்த பிறகு கோளாறு ஜெலட்டினில் இருப்பது தெரிந்தது. வேறு சரக்கு வாங்கிச் சரிசெய்தார். ஒரு ஜெலட்டின் ஏன் நன்றாக வேலை செய்கிறது, இன்னொன்று ஏன் செய்வதில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் என்ற வேதியியலாளர் விடை கண்டார். ஜெலட்டின் மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. கடுகுச் செடி போன்றவற்றை மேய்ந்த மாட்டின் ஜெலட்டினில் மிகச் சிறிய அளவில் கந்தகச் சேர்மம் இருந்தது. அதுதான் வெள்ளி உப்புக்கு ஒளியை உணரும் வேகத்தைக் கொடுத்தது. மாடு எதை மேய்ந்தது என்பதுவரை போய்த் தெரிந்துகொண்ட நிறுவனம் அது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் வீழ்ந்த கதைகளைச் சொல்லும்போது 'அவர்கள் தூங்கிவிட்டார்கள்', 'காலம் மாறுவதைக் கவனிக்கவில்லை' என்று முடித்துவிடுகிறார்கள். மேலாண்மை வகுப்புகளில் கோடாக் இப்படித்தான் பாடமாகிறது. இந்த விளக்கம் வசதியானது. கேட்பவருக்கு 'நாம் விழித்துக்கொண்டிருக்கிறோம், நமக்கு இது நேராது' என்ற தைரியத்தைக் கொடுக்கிறது. ஆனால் நடந்தது அதுவல்ல. கோடாக் எல்லாவற்றையும் பார்த்தது, மற்றவர்களுக்கு முன்பாகவே பார்த்தது. அதனால்தான் இந்த வீழ்ச்சியைத் திரும்பத் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாறுவதும் அதற்குப் புதிதாக இருக்கவில்லை. ஈஸ்ட்மன் வங்கி எழுத்தராக இருந்தவர். கண்ணாடித் தகடு தயாரித்துக் காசு பார்த்தார். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே அதைத் தள்ளிவிட்டு ஃபிலிம் சுருளுக்குப் போனார். 1888இல் வந்த முதல் கோடாக் கேமராவில் நூறு படங்கள் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் கேமராவையே ரோச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் படங்களைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். கேமராவின் விலை 25 டாலர், கழுவி ஏற்றித்தரக் கூலி 10 டாலர். 1900இல் ஒரு டாலருக்கு பிரவுனி கேமராவைக் கொண்டுவந்தார்கள். கேமராவை மலிவாகக் கொடுத்து ஃபிலிமிலும் கழுவுவதிலும் சம்பாதிக்கும் முறை அப்போதே வேர்விட்டது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அந்த நிறுவனத்தை வாழவைத்தது அந்த முறைதான். கடைசியில் அதன் கால்களைக் கட்டியதும் அதுவே.

1975 டிசம்பரில் ஸ்டீவ் சாஸன் என்ற இளம் பொறியாளர் கோடாக் ஆய்வகத்தில் ஒரு பெட்டியைச் செய்து முடித்தார். சிசிடி என்ற புது மின்னணுச் சில்லு எதற்காவது உதவுமா என்று பார்க்கச் சொல்லி அவருடைய மேலாளர் கொடுத்திருந்த சின்ன வேலை அது. சூப்பர் 8 கேமராவிலிருந்து ஒரு லென்ஸ், பதினாறு பேட்டரிகள், ஒரு கேசட் நாடா. எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். நூறுக்கு நூறு புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். அதை நாடாவில் பதிய 23 விநாடிகள். நாடாவிலிருந்து எடுத்துத் தொலைக்காட்சித் திரையில் காட்ட ஏறக்குறைய அதே நேரம். முதலில் எடுத்தது ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் படத்தை. தலைமுடி தெரிந்தது, பின்னணி தெரிந்தது, முகம் மட்டும் கலங்கிப் போயிருந்தது. ஒயர்களின் வரிசையை மாற்றியதும் முகமும் தெரிந்தது. உலகின் முதல் கையடக்க டிஜிட்டல் கேமரா அது. 1978இல் கோடாக்கின் பெயரில் காப்புரிமையும் பதிவாயிற்று.

சாஸன் அதை அறை அறையாக எடுத்துச்சென்று அதிகாரிகளுக்குக் காட்டினார். படத்தைத் தொலைக்காட்சியில் யார் பார்க்க விரும்புவார்கள் என்று கேட்டார்கள். ஆல்பம் எப்படி இருக்கும், படங்களை எங்கே சேர்த்து வைப்பது என்று கேட்டார்கள். இந்தக் கேள்விகளை இன்று சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. காகிதத்தில் அச்சான படம் நூறு ஆண்டுகளாக எந்தக் குறையும் சொல்லப்படாமல் இருந்தது. கேட்டவர்கள் படத்தைப் பற்றி யோசித்தவர்கள்தான். எவ்வளவு காலத்தில் இது ஃபிலிமுக்குப் போட்டியாகும் என்ற கேள்விக்கு சாஸன் 15 முதல் 20 ஆண்டுகள் என்று கணக்கிட்டுச் சொன்னார். சாமானியர்களுக்கான டிஜிட்டல் கேமராக்கள் கடைக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அதைப் பற்றி வெளியே பேச அவருக்கு அனுமதி இல்லை.

1981இல் சோனி நிறுவனம் ஃபிலிம் இல்லாத மாவிகா கேமராவை அறிவித்தபோது கோடாக் தலைமைக்குக் கவலை வந்தது. சந்தை ஆய்வுப் பிரிவுத் தலைவர் வின்ஸ் பராபாவிடம் முழு ஆய்வு நடத்தச் சொன்னார்கள். அவர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். எண்களைக் கையாளத் தெரிந்தவர். சில்லுகளின் விலை எப்போது இறங்கும், படத்தின் தரம் எப்போது ஃபிலிமை எட்டும், பிரிண்ட் போடும் வசதி எப்போது பரவும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். டிஜிட்டல், ஃபிலிமை இடம்பெயர்க்கும் ஆற்றல் கொண்டது என்றது அறிக்கை. அது உடனே நடக்காது, தயாராவதற்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இருக்கின்றன என்றும் சொன்னது. ஒரு நிறுவனத்துக்கு இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு கிடைக்க முடியாது. அந்த அவகாசத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் கதை.

அதற்கு ஃபிலிமில் பணம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் விற்ற ஃபிலிமில் பத்தில் ஒன்பது பங்கு கோடாக்குடையது. ஒருவர் ஒரு ரோல் வாங்குகிறார். 36 படம் எடுக்கிறார். கழுவக் கொடுக்கிறார். கழுவும் ரசாயனம் கோடாக்குடையது. பிரிண்ட் போடும் காகிதமும் கோடாக்குடையது. படம் நன்றாக வந்திருந்தால் இன்னும் இரண்டு பிரதி போடச் சொல்கிறார். குழந்தை பிறந்தால், ஊருக்குப் போனால், பண்டிகை வந்தால் மறுபடி ஒரு ரோல். ஒவ்வொரு சொடுக்கிலும் ரோச்செஸ்டருக்குக் காசு போயிற்று. டிஜிட்டலில் கேமராவை ஒருமுறை வாங்கினால் அதோடு சரி. அதன்பின் ஆயிரம் படம் எடுத்தாலும் செலவில்லை. 2005இல் அமெரிக்காவில் மிக அதிகமாக டிஜிட்டல் கேமரா விற்றது கோடாக்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதிய தொழிலிலும் அவர்கள் முதலிடம் வரை போனார்கள். அந்த இடத்தில் அவர்களுக்கு வேண்டிய பணம் இல்லை. பிறகு செல்போன் வந்து அந்தக் கேமராக்களையும் விழுங்கியது.

ஆகவே 'ஏன் டிஜிட்டலுக்கு மாறவில்லை' என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாகும். நூறு ரூபாய் விற்பனையில் பெரும்பங்கை லாபமாகத் தரும் தொழிலை விட்டு, சில ரூபாய் மிஞ்சினாலே அதிசயம் என்ற தொழிலுக்குப் போங்கள் என்று பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து சொல்ல யாரால் முடியும்? மேலாண்மைப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997இல் வெளியிட்ட புத்தகத்தில் கணினி வன்தட்டுத் தொழிலை ஆராய்ந்து இதைத்தான் காட்டினார். நல்ல நிறுவனங்கள் நல்ல வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டு, நல்ல லாபம் வரும் இடத்தில் முதலீடு செய்து, அந்த ஒழுங்கினாலேயே விழுகின்றன. மோசமான நிர்வாகத்தால் விழுந்த நிறுவனத்தைவிட, எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் விழுந்த நிறுவனம் நம்மை அதிகம் தொந்தரவு செய்ய வேண்டும்.

பராபா சொன்ன பத்து ஆண்டுகளிலும் அதற்குப் பிறகும் கோடாக் சும்மா இருக்கவில்லை. டிஜிட்டலைக் கொண்டு ஃபிலிமைக் காப்பாற்றப் பார்த்தது. ஃபோட்டோ சிடி என்று ஒன்று வந்தது. ஃபிலிமில் எடு, கழுவு, பிறகு அதை வட்டில் ஏற்றித் தொலைக்காட்சியில் பார். 1996இல் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து அட்வான்டிக்ஸ் என்ற புதுவகை ஃபிலிம் வந்தது. அதில் ஒரு கேமராவில் பின்பக்கம் சின்னத் திரைகூட இருந்தது. எடுத்த படத்தை உடனே பார்க்கலாம். ஆனால் படம் வேண்டுமென்றால் ரோல் வாங்கி, கழுவி, பிரிண்ட் போட்டாக வேண்டும். இவற்றை வடிவமைத்தவர்கள் திறமைசாலிகள். ஆனால் புதியது எதுவாக வந்தாலும் முடிவில் ஒரு ரோல் விற்றாக வேண்டும் என்பது அவர்களுக்கு எழுதப்படாத விதியாக இருந்தது. அந்த விதியை மீறச்சொல்லும் அதிகாரம் யாரிடமும் இல்லை, அல்லது இருந்தவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை.

எனக்கு இதைவிட வலிக்கும் பகுதி ஒன்று உண்டு. இன்று நம் கையில் இருக்கும் செல்போனைப் பாருங்கள். அதன் கேமரா நிறத்தை உணர்வது, சில்லின்மேல் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்களைக் குறிப்பிட்ட வரிசையில் அடுக்கிய ஒரு வடிகட்டியால். அந்த அடுக்கைக் கண்டுபிடித்தவர் பிரைஸ் பேயர், கோடாக் ஊழியர். 1976இல் காப்புரிமை. செல்போனின் திரை ஓஎல்இடி வகையாக இருந்தால், அதை முதலில் நடைமுறைக்கு ஏற்றதாகச் செய்துகாட்டி 1987இல் கட்டுரை எழுதியவர்கள் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு கோடாக் வேதியியலாளர்கள். பார்க்கும் கண்ணும் காட்டும் திரையும் ஒரே நிறுவனத்தின் ஆய்வகங்களிலிருந்து வந்தவை. ஓஎல்இடி தொழிலை 2009இல் எல்ஜி நிறுவனத்துக்கு விற்றார்கள். அதற்கு முன்பே, 1988இல் ஐந்து பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய ஸ்டெர்லிங் மருந்து நிறுவனத்தை 1994இல் விற்றுத் தள்ளியிருந்தார்கள். அதே ஆண்டு ஈஸ்ட்மன் கெமிக்கலைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டார்கள். எக்ஸ்ரே உள்ளிட்ட மருத்துவப் படப் பிரிவு 2007இல் போயிற்று. கடனை அடைக்க வேண்டும், மையத் தொழிலில் கவனம் வைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம். மையத் தொழில் கரைந்துகொண்டிருந்தது. உயிரோடிருந்த கிளைகளை வெட்டி விற்று, பட்டுப்போய்க்கொண்டிருந்த தண்டுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பிரிந்துபோன ஈஸ்ட்மன் கெமிக்கல் இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது.

ஜப்பானின் ஃபியூஜி ஃபிலிமை இங்கே ஒப்பிடாமல் இருக்க முடியாது. 1934இல் தொடங்கிய நிறுவனம். அதுவும் அதே வெள்ளி உப்பு, அதே ஜெலட்டின், அதே இருட்டு. ஷிகேதகா கொமோரி 2000இல் அதன் தலைவரானார். உலகத்தில் ஃபிலிம் விற்பனை உச்சத்தைத் தொட்ட ஆண்டும் அதுதான். அப்போது ஃபியூஜியின் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு புகைப்படத் தொழிலிலிருந்து வந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் ஃபிலிம் தேவை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. கொமோரி தன் பொறியாளர்களை உட்காரவைத்து, நம்மிடம் என்னென்ன கைத்திறன் இருக்கிறது, அது வேறு எங்கெல்லாம் பயன்படும் என்று பட்டியல் போடச் சொன்னார். ஃபிலிமின் அடித்தாளாகப் பயன்பட்ட செல்லுலோஸ் தாள் எல்சிடி திரைகளுக்குத் தேவைப்பட்டது. தேவை வருவதற்கு முன்பே பெரிய ஆலைகளைக் கட்டினார்கள். ஜெலட்டின் கொலாஜனிலிருந்து வருவது; மனிதத் தோலின் முக்கியப் புரதமும் கொலாஜன்தான். படத்தின் நிறம் மங்காமல் காக்கும் ரசாயனம் தோல் முதிர்வதைத் தடுக்கவும் உதவும் என்று 2007இல் முகப்பூச்சுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 2008இல் தொயாமா மருந்து நிறுவனத்தை வாங்கினார்கள். கோடாக் விற்ற திசைகளில் ஃபியூஜி வாங்கிக்கொண்டு போனது.

ஆனால் ஃபியூஜியின் தெளிவு 2000இல் பிறந்தது இல்லை. 1983இலேயே அவர்கள் எக்ஸ்ரே ஃபிலிம் இல்லாமல் கணினி வழியாக எக்ஸ்ரே படம் எடுக்கும் கருவியை விற்கத் தொடங்கினார்கள். எக்ஸ்ரே ஃபிலிம் அவர்களுக்கே பெரிய வருமானம். தன் சரக்குக்குத் தானே போட்டி கொண்டுவந்தார்கள். இரண்டு நிறுவனங்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே இடத்தில் காட்டு என்றால் நான் இந்தக் கருவியைத்தான் காட்டுவேன். ஃபியூஜியையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. 2006இல் புகைப்படப் பிரிவில் ஐயாயிரம் பேர்வரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். நிறுவனம் பிழைத்தது என்றால் அதில் வேலை செய்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்று பொருளில்லை.

இந்தக் கதையின் ஒரு பகுதி நம் நீலகிரியிலும் நடந்தது. ஊட்டியில் 1960இல் மத்திய அரசு இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஃபிலிமுக்குக் குளிர்ச்சி வேண்டும், தூசியில்லாத காற்று வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும். ஊட்டியில் மூன்றும் இருந்தன. பிரான்ஸின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்பது சரக்கின் பெயர். ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு இந்து நகர் ஆயிற்று. கறுப்பு வெள்ளை ரோல், சினிமா ஃபிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம். நம் ஊர் ஸ்டுடியோக்களின் இருட்டறையில் இந்து பேப்பர் பெட்டி இல்லாத இடம் குறைவு. ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து டாக்டர் பார்த்தபோது, அவர் பார்த்தது பெரும்பாலும் ஊட்டி இருட்டில் யாரோ பூசிய வெள்ளியைத்தான். இறக்குமதி வரி உயர்ந்திருந்தவரை அந்த ஆலைக்குப் போட்டி என்பதே இல்லை.

எண்பதுகளில் கறுப்பு வெள்ளை பின்வாங்கி கலர் வந்தது. கலர் ஃபிலிமை முதல் அடுக்கிலிருந்து செய்யும் நிலைக்கு ஊட்டி வரவில்லை. அதற்குப் பதிலாக எக்ஸ்ரே பக்கம் பெரிய பந்தயம் கட்டினார்கள். அமெரிக்காவின் டூபாண்ட் தொழில்நுட்பத்தில் பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்குப் புது ஆலை. கடன் வாங்கிக் கட்டினார்கள், கட்டி முடிக்கத் தாமதம், வட்டி ஏறியது. 1991க்குப் பிறகு சந்தை திறந்தது, இறக்குமதி வரி இறங்கியது, வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவிந்தது. எக்ஸ்ரே ஃபிலிமில் முதலீடு செய்ததைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவின் சிறு ஊர் மருத்துவமனைகள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஃபிலிமில்தான் எக்ஸ்ரே எடுத்தன. சந்தை இருந்தது, ஊட்டி ஆலையால் அந்தச் சந்தையில் நிற்க முடியவில்லை. போட்டியே இல்லாமல் வளரவிட்டு, ஒரே நாளில் கதவைத் திறந்துவிட்டால் எந்த ஆலை நிற்கும்? தொண்ணூறுகளின் நடுவில் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. மூடலாம் என்று ஒரு வாரியம் பரிந்துரைத்தது, வழக்குகள் நடந்தன, புத்துயிர் கொடுப்போம் என்று வாக்குறுதிகள் வந்தன. 2014இல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நலிவு என்ற முத்திரை குத்தியதற்கும் அதற்கும் நடுவில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள். வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஒரு தலைமுறை ஊழியர்கள் அந்த ஆண்டுகளைக் கழித்தார்கள்.

கோடாக் தனியார், லாபத்தில் மிதந்தது. ஊட்டி அரசு ஆலை, நஷ்டத்தில் மூழ்கியது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா என்று கேட்கலாம். எனக்கு இரண்டிலும் ஒரே விஷயம் கண்ணில் படுகிறது. என்ன வரப்போகிறது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இருட்டில் நின்று வேலை செய்தவர்களுக்குக் கடைசியாகத்தான் சொல்லப்பட்டது.

ரோச்செஸ்டரில் 1982இல் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கோடாக்கில் வேலை பார்த்தார்கள். பராபாவின் அறிக்கை வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்த ஆண்டு இருபது வயதில் ஆலைக்குள் நுழைந்த ஒருவரிடம், இந்தத் தொழிலுக்குப் பத்தோ இருபதோ ஆண்டுதான் ஆயுள் என்று யாராவது சொன்னார்களா? ஈஸ்ட்மன் காலத்தில், 1912 முதல், ஊழியர்களுக்கு ஆண்டு லாபத்தில் பங்கு கொடுக்கும் வழக்கம் இருந்தது. கோடாக்கில் சேர்ந்தால் ஓய்வுபெறும்வரை கவலையில்லை என்று ஊரே நம்பியது. வீடு வாங்கியதும், பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் அந்த நம்பிக்கையில். 2007இல் கோடாக் பார்க் ஆலை வளாகத்தில் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2012 ஜனவரி 19 அன்று நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்தது. அந்த ஆண்டின் இறுதியோடு ஓய்வுபெற்றவர்களுக்கான மருத்துவச் சலுகை நின்றது. இங்கிலாந்துக் கிளையின் ஓய்வூதிய நிதிக்குத் தர வேண்டிய பெரும் பாக்கிக்கு ஈடாக ஃபிலிம் விற்கும் தொழிலையே அந்த நிதியிடம் ஒப்படைத்தார்கள். 1975இலிருந்து 2012வரை எண்ணினால் 37 ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் மேல்தளத்தில் தலைவர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். தன் பதவிக்காலத்தில் ஃபிலிம் வருமானம் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது ஒவ்வொருவருக்கும் நியாயமான கணக்கு. அந்த நியாயமான கணக்குகளைக் கூட்டினால் வருகிற தொகை, ஒரு நகரத்தின் அழிவு.

நம் ஊர் ஸ்டுடியோக்காரர்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். டிஜிட்டல் வந்தபோது அவர்களும் அடிபட்டார்கள். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்துகொண்டிருந்த நுட்பமான கைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. என்றாலும் பலர் கடன் வாங்கிக் கேமரா மாற்றினார்கள், கணினி கற்றுக்கொண்டார்கள், இருட்டறையை இடித்துக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் அறையாக்கினார்கள். அவர்களுக்குப் பங்குதாரர் கூட்டம் இல்லை. தன் தொழிலுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தானே கண்ணால் பார்த்து, தன் முடிவைத் தானே எடுத்தார்கள். ஆலைத் தொழிலாளிக்கு மறுக்கப்பட்டது அந்த வாய்ப்புதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஃபிலிம் மீதான ஏக்கம் அல்ல. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் பிஸ்டன், ரிங், வால்வு, இன்ஜெக்டர், சைலன்சர் செய்யும் ஆலைகளில் பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். மின்சார வண்டிக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. வண்டிகள் எந்த வேகத்தில் மாறும் என்ற கணக்கு அந்த நிறுவனங்களின் இயக்குநர் அறைகளில் போடப்படுகிறது. போடப்படாமல் இருக்க முடியாது. அந்தக் கணக்கைத் தொழிலாளர்களுக்கும் காட்டுங்கள். ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ, உங்கள் ஊகம் எதுவோ அதை எழுதி, தொழிற்சங்கத்தின் கையிலும் ஒப்பந்தத் தொழிலாளியின் கையிலும் கொடுங்கள். கணக்கு பிழையாகப் போகலாம், பரவாயில்லை. வேறு வேலை கற்றுக்கொள்ளவும், வீட்டுக் கடனை யோசித்து வாங்கவும், மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று முடிவெடுக்கவும் அவர்களுக்கும் அந்த அவகாசம் வேண்டும்.